காட்சித் தூண்டலால் எழும் நுண்ணிய மூளைச் சமிக்ஞைகளைக் கண்டறிதல்: வழிமுறைகளும் வரம்புகளும்

முன்னுரை

தலையின் மேற்பரப்பிலிருந்தே மனித மூளையின் மின்னியக்கத்தைப் பதிவு செய்யும் முறையை ஜெர்மனியின் யேனா நகரைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அவர் பதிவு செய்த அலைகள், கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது பெரிதாகத் தோன்றின. கண்களைத் திறந்ததும் அடங்கின. 1934ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களான ஏட்ரியனும் மாத்யூசும் இதனை உறுதிப்படுத்தினர். அத்துடன், சிமிட்டும் ஒளியை ஒருவர் நோக்கும்போது அவரது பிடரிப் பகுதி அலைகள் அவ்வொளியின் வேகத்தைப் பின்பற்றக் கூடும் என்பதையும் காட்டினர். புறத்தே காட்டப்படும் காட்சிக்கு மூளை தரும் மறுமொழியை வெளியிலிருந்தே அறிய முடியும் என்னும் எண்ணம் இவ்வாய்வுகளால் வலுப்பெற்றது எனலாம்.

இம்மறுமொழியை அறிவதால் பயன் பெறுவோர் பலர். அவர்களுள் இரு தரப்பினர் ஈண்டுக் குறிப்பிடத்தக்கவர்கள். ஒரு தரப்பினர், பேசத் தொடங்காத கைக்குழந்தைகள். மற்றொரு தரப்பினர், இயக்க நரம்பணு நோய் போன்றவற்றால் கை, கால், நா ஆகியவற்றின் இயக்கத்தை இழந்தும் அறிவு தெளிவாக உள்ளவர்கள். தாம் கண்டதை வாயால் கூற இயலாமை இவ்விரு தரப்பினருக்கும் பொதுவானது. கருவி எதைக் கண்டறிகின்றதோ அதுவே அவர்களின் கூற்றாகக் கொள்ளப்படும். ஆதலின், கண்டறியும் திறனை மேம்படுத்துவதில் இரு கடமைகள் அடங்கியுள்ளன: எழுந்த மறுமொழியைத் தவறவிடாதிருத்தல் ஒன்று, எழாத மறுமொழியை எழுந்ததாகக் கொள்ளாதிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் கருத்திற்கொண்டு, நுண்ணிய சமிக்ஞைகளைக் கண்டறியும் முதன்மையான வழிமுறைகளை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

சமிக்ஞையும் இரைச்சலும்

கண்ணில் விழும் ஒளி விழித்திரையில் நரம்புத் துடிப்பாக மாறி, பார்வை நரம்பின் வழியாக மூளையின் பின்பகுதியிலுள்ள பிடரி மடலைச் சென்றடைகின்றது. அங்குள்ள பார்வைப் புறணியின் நரம்பணுக்கள் ஒருங்கே இயங்கும்போது மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் உண்டாகின்றது. மண்டையோட்டையும் தோலையும் கடந்து, தலையில் ஒட்டப்பட்ட மின்முனையை அடையும்போது அதன் அளவு பொதுவாகச் சில மைக்ரோவோல்ட்டுகளாகவே இருக்கும். ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும்.

இதே மின்முனையில் வேறு பலவும் வந்து சேர்கின்றன. மூளையின் பிற பணிகளால் எழும் பின்னணி அலைகள் பல பத்து மைக்ரோவோல்ட் அளவை எட்டக்கூடியவை. ஒருமுறை கண் இமைத்தால் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் அலை தோன்றலாம். தாடையை இறுக்கினால் தசையின் மின்னியக்கம் பதிவை நிறைத்துவிடும். சுவரிலுள்ள மின்கம்பிகளிலிருந்து, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அதிர்வும் புகும். நாம் தேடும் மறுமொழியைத் தவிர்த்த இவையனைத்தையும் இரைச்சல் என ஒரே சொல்லால் குறிப்பர்.

மிகைப்பியின் ஆற்றலைக் கூட்டினால் சிக்கல் தீருமா எனக் கேட்கலாம். பள்ளிச் சபைகூடலின் ஆரவாரத்தில் ஒரு மாணவரின் மெல்லிய குரலைக் கேட்க ஒலிவாங்கியின் வலுவைக் கூட்டினால், ஆரவாரமும் சேர்ந்தே கூடும். ஆனால், மணி ஒலிக்கும்போதெல்லாம் அம்மாணவர் ஒரே சொல்லை ஒரே வகையில் கூறுவார் என்பது முன்னரே தெரிந்திருந்தால் நிலைமை மாறுகின்றது. மணியோசையை அடுத்த கணங்களை மட்டும் தொகுத்துக் கேட்க முடியும். காட்சித் தூண்டலை எப்போது, எவ்வேகத்தில் அளித்தோம் என்பது நமக்குத் தெரியும். இரைச்சலுக்கோ அது தெரியாது. கீழே விளக்கப்படும் முறைகள் யாவும் இந்த ஒரு வேறுபாட்டையே வெவ்வேறு வகையில் பயன்படுத்துகின்றன.

சராசரி காணும் முறை

இலண்டன் குயின் சதுக்க மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் டாசன், 1947ஆம் ஆண்டில், தூண்டல் அளித்த கணத்தை ஒரே தொடக்கமாகக் கொண்டு பல பதிவுகளை ஒளிப்படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துக் காட்டினார். தூண்டலோடு தொடர்புடைய அலைகள் ஒரே இடத்தில் படிந்து தெளிவு பெற்றன. தொடர்பற்றவை சிதறித் தெரிந்தன. பின்னர், 1951ஆம் ஆண்டில், சுழலும் மின்தொடுப்பையும் வரிசையாக அமைந்த மின்தேக்கிகளையும் கொண்டு பதிவுகளைத் தானே கூட்டும் கருவியொன்றைச் செய்து காட்டினார். அவர் ஆராய்ந்தது கை நரம்புக்கு அளித்த மின்தூண்டலையே எனினும், அம்முறை காட்சித் தூண்டலுக்கும் அப்படியே பொருந்தியது.

இதன் கணக்கு எளிமையானது. மறுமொழி ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இருப்பதால் சராசரியில் அதன் அளவு குறைவதில்லை. இரைச்சல் ஒருமுறை மேலும் ஒருமுறை கீழுமாக அமைவதால், பதிவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கு ஏற்பக் குறைகின்றது. மறுமொழி 5 மைக்ரோவோல்ட், இரைச்சல் 20 மைக்ரோவோல்ட் எனக் கொள்வோம். 16 பதிவுகளின் சராசரியில் இரைச்சல் 5 மைக்ரோவோல்ட்டாகி மறுமொழிக்குச் சமமாகும். 100 பதிவுகளில் அது 2 மைக்ரோவோல்ட்டாகும். அதனையும் பாதியாக்க விரும்பினால் 400 பதிவுகள் தேவைப்படும். தெளிவை இருமடங்காக்க நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அந்நேரத்திற்குள் நோயாளி களைப்படைவார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இம்முறையால் மருத்துவம் பெற்ற பயனும் பெரிது. கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் இடம் மாறும் பலகையை நோக்கும்போது, ஏறக்குறைய 100 மில்லி விநாடியில் பிடரிப் பகுதியில் ஒரு நேர்மின் அலை தோன்றும். பார்வை நரம்பு அழற்சியுற்றோரிடம் இவ்வலை காலந்தாழ்த்தித் தோன்றுவதை ஹாலிடேயும் அவர்தம் குழுவினரும் 1972ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பார்வை மீண்ட பின்னரும் இத்தாமதம் நீடிப்பதுண்டு என்பதால், மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயில் நோயாளியே உணராத பழைய பாதிப்பைக் கூட இச்சோதனை காட்டிக்கொடுத்தது.

எனினும், சராசரி காண்பதற்கு அடிப்படையான இரு எடுகோள்களை மறத்தல் ஆகாது. முதலாவது, இரைச்சல் தூண்டலோடு தொடர்பற்றது என்பது. சதுரங்கள் விநாடிக்குச் சரியாக இருமுறை மாறினால் தூண்டல்களின் இடைவெளி 500 மில்லி விநாடியாகும். அதற்குள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சரியாக 25 சுற்றுகளை முடித்துவிடும். ஆதலால் மின்கம்பியின் அதிர்வு ஒவ்வொரு பதிவிலும் ஒரே நிலையில் நின்று, எத்தனை பதிவுகளைக் கூட்டினும் அழியாது. வேகத்தை விநாடிக்கு 1.9 எனச் சற்றே மாற்றினால் இத்தொல்லை நீங்கும். இரண்டாவது, மறுமொழி ஒவ்வொரு முறையும் ஒரே கணத்தில் எழுகின்றது என்பது. உண்மையில் அது சற்று முன்பின்னாக எழுவதுண்டு. அந்நிலையில் சராசரி அலை, தனித்தனி மறுமொழிகளைவிடத் தாழ்ந்தும் அகன்றும் காணப்படும்.

வேகத்தால் அடையாளமிடும் முறை

ஒவ்வொரு தூண்டலுக்கும் இடையே காத்திராமல், ஒளியையோ வடிவத்தையோ சீரான வேகத்தில் தொடர்ந்து மாற்றினால், மூளையின் மறுமொழியும் அதே வேகத்தில் சீராக நிலைபெறுகின்றது. இந்நிலைபெற்ற மறுமொழியை 1966ஆம் ஆண்டு முதல் விரிவாக ஆராய்ந்தவர்களுள் டேவிட் ரீகன் முதன்மையானவர். ஒளி விநாடிக்கு 12 முறை சிமிட்டினால், மறுமொழி 12 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 24, 36 ஹெர்ட்ஸிலும் தோன்றக்கூடும்.

10 விநாடிப் பதிவை ஃபூரியர் பகுப்பாய்வுக்கு உட்படுத்தினால் 0.1 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பல சிறு பிரிவுகள் கிடைக்கும். இரைச்சல் இப்பிரிவுகளில் எல்லாம் பரவிக் கிடக்கும். மறுமொழியோ நாம் குறித்த ஒரு பிரிவில் குவிந்து நிற்கும். அப்பிரிவின் அளவை அண்டைப் பிரிவுகளோடு ஒப்பிட்டு, மறுமொழி உண்டா இல்லையா என முடிவு செய்யலாம். குறுகிய நேரத்தில் நுண்ணிய சமிக்ஞையைக் காண இது சிறந்த வழியாகும். இதனைப் பயன்படுத்தி நார்சியாவும் டைலரும் 1985ஆம் ஆண்டில், கோடுகளின் நெருக்கத்தைச் சில விநாடிகளுக்குள் படிப்படியாக மாற்றிக் காட்டி, ஒரு வயது நிரம்பாத குழந்தைகளின் பார்வைக் கூர்மையை அளந்தனர்.

வேகத்தைத் தெரிவு செய்வதிலும் கவனம் தேவை. 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரை மூளையின் இயல்பான ஆல்ஃபா அலைகள் வலுவாக உள்ளன. 10 ஹெர்ட்ஸில் தோன்றும் உயர்வு காட்சியால் வந்ததா, உறக்கச் சோர்வால் வந்ததா எனப் பிரித்தறிவது எளிதன்று. ஏறத்தாழ 15 முதல் 25 ஹெர்ட்ஸ் வரையிலான சிமிட்டல், ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உடையோருக்கு இடர் விளைவிக்கக் கூடியது. 1997ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பானில், 12 ஹெர்ட்ஸ் அளவில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய போக்கிமான் தொலைக்காட்சிக் காட்சியைக் கண்டு ஏறக்குறைய 700 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டமை இங்கு நினைவுகூரத் தக்கது.

மின்முனைகளை ஒருங்கிணைக்கும் முறை

மேற்கூறிய இரு முறைகளும் ஒரே மின்முனையைக் கொண்டும் இயங்கும். தலையில் பல மின்முனைகளை வைத்தால், காலத்தோடும் வேகத்தோடும் இடத்தையும் ஒரு சான்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். கண் இமைப்பு நெற்றியருகே வலுவாகவும், பார்வைப் புறணியின் மறுமொழி பிடரியில் வலுவாகவும் பதிகின்றன. எனவே ஒவ்வொரு மின்முனைக்கும் தக்கதோர் எடையளித்துக் கூட்டினால், இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளவும் மறுமொழி ஒன்றோடொன்று சேரவும் செய்யலாம். அவ்வெடைகளை எவ்வாறு தெரிவு செய்வது என்பதே வினா.

ஹோட்டலிங் 1936ஆம் ஆண்டில் புள்ளியியலில் அறிமுகப்படுத்திய ஒரு முறை இதற்கு விடையளித்தது. இரு மாறித் தொகுதிகளுக்கிடையே மிகுதியான ஒட்டுறவைத் தரும் எடைகளை அது கண்டறியும். 2006ஆம் ஆண்டில் பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை மூளையலைகளுக்குப் பயன்படுத்தினர். ஒரு தொகுதி மின்முனைப் பதிவுகள். மற்றொன்று, சிமிட்டும் வேகத்தையும் அதன் மடங்குகளையும் கொண்ட தூய அலைகள். திரையிலுள்ள ஒவ்வொரு எழுத்தும் வெவ்வேறு வேகத்தில் சிமிட்டும்போது, எவ்வேகத்தோடு ஒட்டுறவு மிகுகின்றதோ அவ்வெழுத்தையே பயனர் நோக்குகின்றார் எனக் கொள்ளப்படும்.

இவ்வழியில் வளர்ச்சி விரைந்து நிகழ்ந்தது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், 8 முதல் 15.8 ஹெர்ட்ஸ் வரை 0.2 ஹெர்ட்ஸ் இடைவெளியில் 40 குறிகள் சிமிட்டின. உடல்நலமுள்ள பயனர்கள் நிமிடத்திற்கு 60 எழுத்துகள் வரை தெரிவு செய்தனர். ஒவ்வோர் எழுத்துக்கும் கண்ணை நகர்த்த அரை விநாடி, நோக்க அரை விநாடி என்பதே அதன் கணக்கு. பயனரிடம் முன்னதாகப் பெற்ற பயிற்சிப் பதிவுகளிலிருந்து, முறைதோறும் மாறாமல் மீளும் கூறுகளை மட்டும் பிரித்தெடுக்கும் எடைகளைக் கணக்கிடும் முறைகள் பின்னர் இதனினும் மேம்பட்ட பயனைத் தந்தன.

கண்டறிதலைச் சரிபார்த்தல்

கண்டறியும் முறை கூர்மையாகுந்தோறும் அதன்வழி ஏமாறும் வாய்ப்பும் கூடுகின்றது என்பதை இனி நோக்குவோம். மறுமொழி முன்பின்னாக எழுவதால் சராசரி மங்குகின்றது எனக் கண்டோம். அதற்கு மாற்றாக, ஒவ்வொரு பதிவையும் எதிர்பார்க்கும் அலையோடு ஒத்துப்போகும் இடத்திற்கு நகர்த்திய பின் சராசரி காணும் முறையை உடி 1967ஆம் ஆண்டில் முன்வைத்தார். பயனுள்ள முறையே, ஆயினும், மறுமொழியே இல்லாத வெறும் இரைச்சலை அதற்கு அளித்தாலும், எதிர்பார்த்த அலையைப் போன்ற ஒன்றை அது திருப்பித் தரும். தேடியதை ஒத்த துண்டுகளையே ஒன்றுசேர்ப்பதால் நேரும் விளைவு இது. ஒத்துவராத பதிவுகளை நீக்கிவிட்டு ஒத்தவற்றை மட்டும் கூட்டுவதிலும் இதே பிழை ஒளிந்துள்ளது.

இதற்கு எளிய சோதனைகள் உள்ளன. 1967ஆம் ஆண்டில் ஷிம்மல் பரிந்துரைத்தவாறு, பதிவுகளில் ஒன்றுவிட்டு ஒன்றின் குறியைத் தலைகீழாக்கிச் சராசரி கண்டால் மறுமொழி முற்றிலும் கழிந்துவிடும். எஞ்சுவது இரைச்சலின் அளவாகும். உண்மைச் சராசரி அதனைவிடத் தெளிவாக உயர்ந்து நின்றாலன்றி மறுமொழி உண்டெனக் கூறலாகாது. திரையை மறைத்துவிட்டு அதே ஆய்வை மீண்டும் நடத்துவது மற்றொரு சோதனை. எடைகளைக் கணிக்கப் பயன்பட்ட பதிவுகளைக் கொண்டே முறையின் திறனை மதிப்பிடாதிருத்தல் மூன்றாவது. வகுப்பில் விடையோடு சேர்த்துக் கற்பித்த வினாக்களையே தேர்வில் கேட்டு மாணவரின் அறிவை அளக்க முடியாது என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

எழுத்துத் தெரிவுக் கருவியில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. 40 வேகங்களுள் ஏதேனும் ஒன்றோடு ஒட்டுறவு மற்றவற்றைவிட மிகுந்தே இருக்கும். பயனர் கண் மூடி உறங்கினாலும் கருவி ஓர் எழுத்தைத் தெரிவு செய்யும். ஆதலின், ஒட்டுறவு ஒரு குறித்த அளவைத் தாண்டாதபோது ‘தெரிவு இல்லை’ என அறிவிக்கும் ஏற்பாடு இன்றியமையாதது. ‘ஆம்’, ‘இல்லை’ என இரு விடை மட்டும் உடைய பத்து வினாக்களில் எட்டோ அதற்கு மேலோ தற்செயலாகவே சரியாக அமைவதற்கு 1024இல் 56 வாய்ப்புகள் உள்ளன. நூற்றுக்கு ஐந்தைத் தாண்டும் இவ்வாய்ப்பை எண்ணாமல், நோயாளி ‘ஆம்’ என்று கூறிவிட்டார் எனக் குடும்பத்தினரிடம் அறிவித்தல் பெரும் பிழையாகும். அவர் கூறாததை அவர் கூற்றாக்குவது, அவரது மௌனத்தினும் கொடியது.

தமிழ் எழுத்துப் பலகைக்கு இதன் பொருத்தம்

தமிழ் எழுதுவோருக்கு இக்கருவியை அமைக்க முற்பட்டால், எழுத்தியல் அறிவே கண்டறியும் திறனை மேம்படுத்தும் என்பதைக் காணலாம். ஃபார்வெல்லும் டோன்சினும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையில், 6 வரிசையும் 6 நிரையும் கொண்ட 36 கட்டங்கள் திரையில் இருக்கும். வரிசைகளும் நிரைகளும் ஒவ்வொன்றாக ஒளிரும். பயனர் விரும்பும் எழுத்து ஒளிரும்போது, ஏறக்குறைய 300 மில்லி விநாடிக்குப் பின் ஓர் அலை எழும். ஒரு சுற்றுக்கு 12 ஒளிர்வுகள். அவற்றுள் இரண்டே விரும்பிய எழுத்தைக் கொண்டவை. பல சுற்றுகளின் சராசரியைக் கொண்டு எழுத்து முடிவு செய்யப்படும். அன்று நிமிடத்திற்கு 2.3 எழுத்துகள் என்னும் வேகமே எட்டப்பட்டது.

தமிழின் 247 எழுத்துகளையும் ஒரே பலகையில் அடுக்கினால் 16 வரிசையும் 16 நிரையும் வேண்டும். ஒரு சுற்றுக்கு 32 ஒளிர்வுகள் ஆகும். மாறாக, உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 எழுத்துகளை மட்டும் வைத்தால் 36 கட்டங்களுக்குள் அடங்கும். உயிர்மெய்க்கு மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தெரிவு செய்ய வேண்டியிருப்பினும், இரு சுற்றுகளுக்கும் சேர்த்து 24 ஒளிர்வுகளே தேவைப்படும். ஒரே சொல்லுக்குள் மெய்யை அடுத்து உயிர் வரின் இரண்டும் கூடி உயிர்மெய்யாதல் தமிழின் இயல்பாதலால் குழப்பத்திற்கும் இடமில்லை. 96 ஒளிர்வுகளுக்குரிய நேரத்தில் பெரிய பலகை 3 சுற்றுகளையே நிறைவு செய்யும். சிறிய பலகை உயிர்மெய்யின் ஒவ்வொரு கூற்றுக்கும் 4 சுற்றுகளைத் தரும். தனி உயிருக்கோ மெய்க்கோ 8 சுற்றுகள் கிட்டும். சுற்றுகள் மிகுந்தால் சராசரி தெளிவாகும் என்பது முன்னரே கண்டதாகும்.

இதிலும் ஈடு கொடுக்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு தெரிவும் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக அமைந்தால், இரு தெரிவுகளும் சரியாக அமைவது நூற்றுக்கு எண்பத்தொன்றே. மேலும் ஜொகூர், ஷா ஆலம் முதலிய பெயர்களை எழுத ஜ், ஷ், ஸ், ஹ் ஆகியவற்றைச் சேர்த்தால் 35 கட்டங்கள் நிரம்பும். சொல்லிடைவெளிக்கும் அழித்தலுக்கும் இரு கட்டங்கள் தேவைப்படுவதால் 6 வரிசையும் 7 நிரையும் கொண்ட பலகையை நாட வேண்டிவரும். ஒளிர்வு 13 ஆகும். இத்தகைய முடிவுகளைப் பொறியியலாளர் தனித்து எடுத்தல் இயலாது. தமிழ் அறிந்தோரின் பங்கும் தேவை. பயனரின் கண்ணசைவு எந்த அளவில் எஞ்சியுள்ளது என்பதையும் மருத்துவர் கூற வேண்டும். ஏனெனில் இம்முறையின் துல்லியம் எழுத்தை நேராக நோக்குவதைப் பெரிதும் சார்ந்துள்ளது என்பதை 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு புலப்படுத்தியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காட்சித் தூண்டலால் எழும் நுண்ணிய சமிக்ஞைகளைக் கண்டறிதல், தூண்டலைப் பற்றி நாம் முன்னரே அறிந்தவற்றைப் பயன்படுத்துவதால் மேம்படுகின்றது என்பது தெளிவாகும். எழும் கணத்தை அறிந்து சராசரி காண்கின்றோம். வேகத்தை அறிந்து குறித்த பிரிவில் தேடுகின்றோம். இடத்தை அறிந்து மின்முனைகளுக்கு எடையளிக்கின்றோம். எழுத்தின் அமைப்பை அறிந்து தெரிவுகளைக் குறைக்கின்றோம். முன்னறிவு மிகுந்தோறும் தேவைப்படும் நேரம் குறைகின்றது. அதே முன்னறிவு, சரிபார்க்கப்படாதபோது, இல்லாத மறுமொழியையும் காட்டிவிடும். ஆகவே எத்துணை விரைவாகக் கண்டறிகின்றது என்பதோடு, ஒன்றும் காட்டப்படாதபோது ‘ஒன்றுமில்லை’ என்று கூறுகின்றதா என்பதையும் சேர்த்தே இம்முறைகளின் தரத்தை மதிப்பிடுதல் வேண்டும்.